முப்பதாண்டுப் போர்: மதம் எரித்ததா, மதத்தை எரித்தார்களா?

மதமும் போரும் என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சிகள் தயாராக நிற்கும். "மதம்னு ஒண்ணு இல்லாம இருந்திருந்தா உலகத்துல பாதிச் சண்டை நடந்தே இருக்காது" என்பது ஒரு கட்சி. "அட, அதெல்லாம் சும்மாங்க. எல்லாச் சண்டையும் நிலத்துக்கும் பணத்துக்கும்தான். மதம் மேல போர்த்திக்கிற போர்வை" என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சியில் நாத்திகர்கள் அதிகம். இரண்டாவதில், வேடிக்கையாக, மார்க்சியர்களும் பக்தர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். முன்னவர்களுக்குப் பொருளாதாரமே அடிப்படை. பின்னவர்களுக்குத் தங்கள் மதத்தின் மேல் ரத்தக்கறை படியக் கூடாது.

எனக்கு இரண்டிலும் திருப்தி இல்லை. இது வெறும் பட்டிமன்றத் தலைப்பு என்றால் விட்டுவிடலாம். ஆனால் ஒரு சண்டை எதனால் நடக்கிறது என்று தப்பாகக் கணித்தால், அதை நிறுத்தச் செய்யும் வைத்தியமும் தப்பாகத்தான் போகும். மதம்தான் வியாதி என்றால் மதத்தை ஒடுக்கினால் போதும் என்று தோன்றும். மதம் வெறும் போர்வை என்றால் வேலையும் சோறும் கொடுத்தால் போதும் என்று தோன்றும். இரண்டையும் செய்து பார்த்துத் தோற்ற நாடுகள் நிறைய உண்டு.

எனவே ஒரே ஒரு போரை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். 1618 முதல் 1648 வரை ஜெர்மன் நிலப்பரப்பில் நடந்த முப்பதாண்டுப் போர். ஏன் அது? 'மதப்போர்' என்றால் பாடப்புத்தகங்கள் முதலில் சொல்லும் உதாரணங்களில் அது ஒன்று. முடிந்து கிட்டத்தட்ட 400 வருடம் ஆகிறது. அதில் நமக்கு யார் மேலும் விருப்பு வெறுப்பு கிடையாது. முக்கியமாக, அது முடிந்த விதம் மதத்தைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கிறது.

63 வருட அமைதி

1517-ல் மார்ட்டின் லூதர் தொடங்கிய கலகம் அடுத்த முப்பது, நாற்பது வருடங்களில் புனித ரோமானியப் பேரரசை இரண்டாகப் பிளந்தது. பேர்தான் பேரரசு. உள்ளே நூற்றுக்கணக்கான குட்டி அரசுகள், ஆயர்களே ராஜாவாக ஆண்ட நிலங்கள், தன்னாட்சி பெற்ற நகரங்கள். அடித்துக்கொண்டு ஓய்ந்தபின் 1555-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். சாராம்சம் இதுதான்: நாடு யாருடையதோ, மதமும் அவர் சொல்வதுதான். ராஜா கத்தோலிக்கர் என்றால் குடிகளும் கத்தோலிக்கர். ராஜா லூதரன் என்றால் குடிகளும் லூதரன். பிடிக்கவில்லையா? சொத்தை விற்றுவிட்டு வேறு நாட்டுக்குப் போய்க்கொள்ளலாம்.

இன்றைய கண்ணுக்கு இது மகா அநியாயமாகத் தெரியும். ஆனால் சில உள்ளூர்ச் சண்டைகள் நீங்கலாக, இந்த ஏற்பாடு 63 வருடம் பெரிய போர் இல்லாமல் பேரரசைக் காப்பாற்றியது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1560-லும் 1590-லும் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் ஒருவரை ஒருவர் நரகத்துக்குப் போகிறவர்கள் என்றுதான் நம்பினார்கள். வெறுப்பு குறைவாக இருந்ததால் அமைதி நிலவியது என்று சொல்ல முடியாது. ஆக, மத வேறுபாடு எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. போர் மட்டும் ஒரு குறிப்பிட்ட வருடத்தில் வெடிக்கிறது. எப்போதும் இருக்கிற ஒன்றை மட்டும் காட்டி, திடீரென்று வந்த ஒன்றை விளக்க முடியாது. நடுவில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும்.

மாறியது என்னவென்றால், 1555 ஏற்பாட்டின் ஓட்டைகள் ஒவ்வொன்றாகப் பெரிதாயின. ஒன்று, அதில் கத்தோலிக்கர், லூதரன் இரண்டு பேருக்குத்தான் இடம். பிறகு வேகமாகப் பரவிய கால்வினியர்களுக்குச் சட்டப்படி இடமே இல்லை. இரண்டு, ஆள்கிற ஆயர் ஒருவர் புராட்டஸ்டன்டாக மாறினால் பதவியையும் நிலத்தையும் விட்டுவிட வேண்டும் என்று ஒரு விதி. கொலோன் பேராயர் மதம் மாறிக் கல்யாணமும் செய்துகொண்டு, 'நிலத்தை விட மாட்டேன்' என்றபோது 1583-ல் ஒரு போரே நடந்தது. மூன்று, 1552-க்குப் பிறகு புராட்டஸ்டன்டு அரசர்கள் எடுத்துக்கொண்ட மடங்களும் மடத்து நிலங்களும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி தொங்கலிலேயே இருந்தது.

ஓட்டை இருந்தால் அடைக்க நீதிமன்றம் வேண்டும். அந்த நீதிமன்றங்களே எதிர்க்கட்சிக்குச் சாதகம் என்று புராட்டஸ்டன்டுகள் நம்பத் தொடங்கியதுதான் பெரிய ஆபத்து.

ஓர் ஊர்வலம்

டோனாவெர்த் என்று ஒரு சின்ன நகரம். பெரும்பான்மை லூதரன். ஒரு மடமும் அதைச் சார்ந்த சில கத்தோலிக்கக் குடும்பங்களும் அங்கே இருந்தன. ஊர்வலம் போகலாம், ஆனால் நகருக்குள் கொடியை விரித்துப் பிடிக்கக் கூடாது என்பது வழக்கம். 1606-ல் கொடியை விரித்துக்கொண்டு போனார்கள். அடிதடி ஆனது. விஷயம் பேரரசர் வரை போய், 1607 கடைசியில் பவேரியாவின் கத்தோலிக்க மன்னர் மாக்ஸிமிலியன் படையோடு வந்து நகரத்தைப் பிடித்தார். செலவுக் கணக்குக்கு ஈடாக நகரத்தையே வைத்துக்கொண்டு, அங்கே கத்தோலிக்க வழிபாட்டையும் திணித்தார்.

எந்தத் தெரு, எந்தக் கொடி, எத்தனை மணிக்கு என்று ஊர்வலப் பாதைக்காக மண்டை உடைவது நமக்கு ஒன்றும் புதுசில்லை. ஆனால் கவனியுங்கள்: உள்ளூர்ப் போலீஸ் விவகாரம் இரண்டே வருடத்தில் பேரரசு அளவிலான பயமாக மாறியது. 1608-ல் பேரரசு மன்றத்திலிருந்து புராட்டஸ்டன்டுகள் பலர் வெளிநடப்பு செய்தார்கள். அதே வருடம் 'புராட்டஸ்டன்டு ஒன்றியம்' என்று ராணுவக் கூட்டணி. 1609-ல் பதிலுக்கு 'கத்தோலிக்கக் கூட்டணி'. பேசித் தீர்க்கிற இடம் மூடிவிட்டது. ஆயுதம் சேர்க்கிற இடம் திறந்துவிட்டது.

மதம் இங்கே செய்த முதல் வேலையை இப்போது பெயர் சொல்லிக் காட்டலாம். முன்பின் தெரியாத ஊரில் நடந்த அநியாயத்தை 'எனக்கு நடந்தது' என்று நினைக்க வைத்தது. வரி, எல்லைத் தகராறு போன்றவற்றுக்கு இந்தச் சக்தி கிடையாது. பக்கத்து ஜில்லாவில் வரி ஏறினால் நமக்கென்ன என்று இருந்துவிடுவோம்.

ஜன்னலும் ஏழு ஓட்டும்

பொஹீமியாவில் 1609-ல் பேரரசர் ருடால்ஃப் புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்து ஒரு சாசனம் எழுதினார். அதன்படி அரச நிலத்தில் தேவாலயம் கட்டலாம். திருச்சபை நிலம் அரச நிலத்தில் சேருமா, சேராதா? அதிகாரிகள் சேராது என்றார்கள். ஒரு தேவாலயத்தை இடித்தார்கள், இன்னொன்றை மூடினார்கள். 1618 மே 23 அன்று கோபத்தோடு பிராக் கோட்டைக்குள் புகுந்த புராட்டஸ்டன்டு பிரபுக்கள், இரண்டு கத்தோலிக்க ஆளுநர்களையும் ஒரு செயலரையும் ஜன்னல் வழியே தூக்கி வீசினார்கள். சுமார் 20 மீட்டர் உயரம். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். மரியன்னை தாங்கிப் பிடித்தார் என்று ஒரு பக்கம் சொன்னது. குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்று மறுபக்கம் சொன்னது.

இதுவரை இது மதச் சண்டை. இதற்குப் பிறகு ஒரு கூட்டல் கணக்கு உள்ளே வருகிறது. பேரரசரைத் தேர்ந்தெடுக்க மொத்தம் ஏழு பேருக்குத்தான் ஓட்டு. மூன்று கத்தோலிக்கப் பேராயர்கள். மூன்று புராட்டஸ்டன்டு அரசர்கள். ஏழாவது ஓட்டு பொஹீமியா ராஜாவுடையது. அது காலங்காலமாக ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் கையில். 1619 ஆகஸ்டில் பொஹீமியர்கள் தங்கள் ஹாப்ஸ்பர்க் மன்னர் ஃபெர்டினாண்டை நீக்கிவிட்டு, பாலட்டினேட் அரசரான ஐந்தாம் ஃபிரெடரிக்கை ராஜாவாக்கினார்கள். அவர் கால்வினியர். அந்த ஏழு பேரில் ஏற்கெனவே ஒருவர். இப்போது நான்குக்கு மூன்று என்று கணக்கு தலைகீழாகிறது. அடுத்த தேர்தலில் ஹாப்ஸ்பர்க் குடும்பம் பேரரசையே இழக்கலாம்.

எனவே ஃபெர்டினாண்டுக்கு பொஹீமியாவை மீட்பது தெய்வத்துக்கான கடமையா, குடும்பச் சொத்தைக் காக்கும் கடமையா என்று கேட்டால், அவரே பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார். அவர் நிஜமான பக்தர். நிஜமான ராஜாவும்கூட.

யார் யார் பக்கம்?

'மதம்தான் காரணம்' கட்சிக்கு இங்கிருந்துதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. சும்மா ஒரு பட்டியல் போடுகிறேன்.

ஃபிரெடரிக்குக்கு உதவ வேண்டிய புராட்டஸ்டன்டு ஒன்றியம் 1620-ல் 'நாங்கள் நடுநிலை' என்று கழன்றுகொண்டது. லூதரன் நாடான சாக்ஸனி, கத்தோலிக்கப் பேரரசருக்காகப் படை அனுப்பிப் பக்கத்திலிருந்த லுசாட்டியா பகுதியைத் தனக்கு வாங்கிக்கொண்டது. சாக்ஸனியின் லூதரன் பாதிரிகளுக்குக் கால்வினியர்களைக் கண்டாலே ஆகாது என்பதும் சேர்ந்துகொண்டது. கால்வினியரான டிரான்சில்வேனிய இளவரசர் பெத்லென் காபோர் பொஹீமியர்களுக்கு உதவினார். அவருக்கு மேலே இருந்த எஜமானர் ஒட்டோமான் சுல்தான். ஃபிரெடரிக்கின் மாமனார் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ். மாப்பிள்ளையின் கிரீடத்துக்காகச் சண்டைக்கு வர அவர் தயாராக இல்லை.

1620 நவம்பர் 8, வெள்ளை மலைச் சண்டை. இரண்டு மணி நேரத்துக்குள் பொஹீமியாவின் கதை முடிந்தது. ஃபிரெடரிக் ஓடினார். தோற்ற பிரபுக்களின் நிலங்கள் பெருமளவில் பறிமுதல் ஆயின. அவற்றை மலிவாக வாங்கிக் குவித்துப் பெரும் பணக்காரராகி, பிறகு பேரரசரின் தளபதியானவர் வாலன்ஸ்டைன். அவர் பிறப்பால் புராட்டஸ்டன்டு, பின்னால் கத்தோலிக்கரானவர்.

1625-ல் டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியன் புராட்டஸ்டன்டுகளைக் காக்க என்று களமிறங்கினார். தன் மகன்களுக்கு வட ஜெர்மன் மறைமாவட்டங்களைப் பிடித்துக்கொடுக்கும் ஆசையும் அவருக்கு இருந்தது. இந்த ராஜா நமக்கு அறிமுகமானவர்தான். வெள்ளை மலைச் சண்டை நடந்த அதே 1620 நவம்பரில், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியைப் பெற்றது இவருடைய ஆட்கள். ஜெர்மன் போரில் 1626-ல் லுட்டர் என்ற இடத்தில் தோற்று, 1629-ல் வெறுங்கையோடு விலகினார். பிறகு 1643 முடிவில், போர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே, டென்மார்க்கின் மேல் படையெடுத்தது யார் தெரியுமா? ஸ்வீடன். இரண்டுமே லூதரன் நாடுகள். புராட்டஸ்டன்டுகளின் ரட்சகன் என்று வந்த ஸ்வீடன், இன்னொரு புராட்டஸ்டன்டு நாட்டை அடித்து நிலம் பிடுங்கியது. அந்த நொடிப்பின் தொடர்ச்சியாக ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குத் தரங்கம்பாடிக்குக் கோபன்ஹேகனிலிருந்து கப்பலே வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் பிரான்ஸ். முதலமைச்சர் ரிஷலியூ ஒரு கார்டினல். 1628-ல் லா ரோஷெல் நகரில் சொந்த நாட்டுப் புராட்டஸ்டன்டுகளை முற்றுகையிட்டு ஒடுக்கியவர். அதே ஆள், 1631 ஜனவரியில் லூதரன் ஸ்வீடன் மன்னர் குஸ்தவ் அடால்ஃபோடு ஒப்பந்தம் போட்டார்: கத்தோலிக்கப் பேரரசரை அடிக்க வருடத்துக்கு 4 லட்சம் தாலர் தருகிறோம், நீங்கள் பிடிக்கிற இடங்களில் கத்தோலிக்க வழிபாட்டைத் தொந்தரவு செய்யாதீர்கள். 1635-ல் பிரான்ஸ் நேரடியாகவே கத்தோலிக்க ஸ்பெயின் மேல் போர் அறிவித்தது. அந்த வருடத்துக்குப் பிறகு இதை மதப்போர் என்று சொல்வது ரொம்பக் கஷ்டம்.

அப்போ வெறும் போர்வையா?

இந்தப் பட்டியலோடு நிறுத்தினால் இரண்டாம் கட்சி கைதட்டும். ஆனால் அவர்களுக்கும் சங்கடம் இருக்கிறது. அதன் பெயர் 1629.

அந்த வருடம் மார்ச்சில் ஃபெர்டினாண்டின் கை ஓங்கியிருந்தது. எதிரிகள் எல்லாரும் தோற்றிருந்தார்கள். நிலமும் அதிகாரமும் மட்டும் குறி என்றால், அத்தோடு சமாதானம் பேசி ஜெயித்ததை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அவர் என்ன செய்தார்? 1552-க்குப் பிறகு புராட்டஸ்டன்டுகள் எடுத்துக்கொண்ட திருச்சபைச் சொத்து அத்தனையும் திருப்பித் தர வேண்டும் என்று ஓர் ஆணை போட்டார். பேராயங்கள், மறைமாவட்டங்கள், நூற்றுக்கணக்கான மடங்கள். எழுபது, எண்பது வருடமாக ஒருவர் அனுபவத்தில் இருக்கிற சொத்து! அவருக்கு விசுவாசமாக இருந்த சாக்ஸனி போன்ற லூதரன் அரசர்களே நடுங்கிப் போனார்கள். பேரரசரின் கை இவ்வளவு நீளுவது கத்தோலிக்க அரசர்களுக்கும் பிடிக்கவில்லை. தெய்வம் வெற்றியைத் தந்தது தன் வேலையைச் செய்யத்தான் என்று ஃபெர்டினாண்டு நம்பினார். அவருடைய பாவசங்கீர்த்தன குருவான இயேசு சபைப் பாதிரியார் லமொர்மைனியும் அந்த நம்பிக்கையை ஊட்டி வளர்த்தார். சொந்த லாபத்துக்கே விரோதமான இந்த முடிவை மதம் இல்லாமல் விளக்கவே முடியாது. ஓய்ந்துகொண்டிருந்த போர் மறுபடி மூண்டதற்கு இந்த ஆணை ஒரு முக்கியமான காரணம்.

இதுதான் மதம் செய்த இரண்டாவது வேலை: பேரத்தைக் கெடுத்தது. நிலத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். வரியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். 'இது ஆண்டவனுடைய சொத்து, விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரமில்லை' என்று ஒருவர் நிஜமாகவே நம்பினால் எங்கே போய்ப் பேரம் பேசுவது?

மூன்றாவது வேலை, 1631 மே 20 அன்று மாக்டபர்க் நகரில் தெரிந்தது. புராட்டஸ்டன்டு எதிர்ப்பின் கோட்டை என்று பேர் வாங்கிய ஊர் அது. டில்லியின் தலைமையிலான பேரரசுப் படை உள்ளே நுழைந்தது. கொள்ளையும் தீயும் கலந்து ஊரே சாம்பலானது. அங்கிருந்த சுமார் 25,000 பேரில் ஏறக்குறைய 20,000 பேர் செத்துப்போனார்கள். சம்பளம் கிடைக்காத சிப்பாய்களின் கொள்ளைவெறிதான் பெரிய காரணம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். இருக்கலாம். ஆனால் அச்சகங்கள் வெளியிட்ட ஏராளமான துண்டுப்பிரசுரங்களில் அது மதப் படுகொலையாகத்தான் பரவியது. ஒரு பக்கத்துக்கு வேத சாட்சிகளின் மரணம். மறுபக்கத்துக்குத் தெய்வ தண்டனை. அதுவரை ஒதுங்கியிருந்த பிராண்டன்பர்க்கும் சாக்ஸனியும் சில மாதங்களுக்குள் ஸ்வீடன் பக்கம் போயின. பயமும் நிர்ப்பந்தமும் அதில் உண்டு. ஆனால் மாக்டபர்க்குக்குப் பிறகு நடுநிலை என்று உட்கார்ந்திருப்பது அவர்களுக்கே கூசியது. நடந்த கொலைக்கு மதம் காரணமோ இல்லையோ, அந்தக் கொலைக்கு என்ன அர்த்தம் என்பதை மதமே எழுதியது. அடுத்த கொலைக்கு அந்த அர்த்தமே காரணமானது.

ஒரு சிப்பாயின் நோட்டுப்புத்தகம்

மேலே உள்ளவர்களின் கதை இப்படி. கீழே? 1988-ல் பெர்லின் நூலகத்தில் ஒரு சாதாரணச் சிப்பாயின் நாட்குறிப்பு கண்டெடுக்கப்பட்டது. எழுதியவர் பீட்டர் ஹாகெண்டார்ஃப் என்று பிறகு அடையாளம் கண்டார்கள். சுமார் 25 வருடம் ராணுவத்தில், நடந்தே கடந்த தூரம் 22,000 கிலோமீட்டருக்கு மேல். மாக்டபர்க்கைத் தாக்கிய படையில் இருந்து குண்டடி பட்டவர். அவர் கூடாரத்தில் காயத்தோடு கிடக்க, மனைவி எரிகிற ஊருக்குள் போய்ப் படுக்கையும் மதுவும் எடுத்துவந்தார். அழகான ஊர், நம்ம நாட்டு ஊர், இப்படி எரிந்துபோயிற்றே என்று வருத்தப்பட்டும் எழுதியிருக்கிறார்.

பிறகு அவரை ஸ்வீடன் தரப்பு பிடித்துத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. கொஞ்ச காலம் அவர்களுக்காகச் சண்டை போட்டார். 1634-ல் பழைய படைக்கே திரும்பினார். பக்கம் மாறியதைப் பற்றி அவருக்குப் பெரிய உறுத்தல் எதுவும் இல்லை. ரொட்டி கிடைத்ததா, பீர் எப்படி, எந்த ஊரில் முகாம், எந்தக் குழந்தை செத்தது என்பதுதான் குறிப்பு முழுக்க. பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோரை அவர் புதைத்தார். ஒவ்வொரு சாவுக்கும் ஆண்டவனிடம் வேண்டிக்கொண்டு ஒரு வரி இருக்கிறது. மதம் அவர் வாழ்க்கையில் இல்லாமல் இல்லை. அது எதிரியைக் காட்டும் கருவியாக மட்டும் இல்லை.

போரில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிப்பாய்கள் அல்லர். பசியாலும் கொள்ளைநோயாலும் செத்த ஊர்ச் சனங்கள். பேரரசின் மக்கள்தொகை எவ்வளவு குறைந்தது என்பதில் மதிப்பீடுகள் 15 சதவீதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை போகின்றன. படைகள் இருக்கும் இடத்திலேயே வசூல் செய்து பிழைத்தன. சமாதானம் வந்தால் அவர்களுக்குச் சம்பள பாக்கியை யார் தருவது என்பதே சமாதானத்துக்கு ஒரு தடையாயிற்று. கடைசியில் ஸ்வீடன் படையைக் கலைத்து அனுப்ப மட்டும் 50 லட்சம் தாலர் கொடுக்க வேண்டியிருந்தது.

நின்றது எப்படி?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1648 அக்டோபர் 24-ல் கையெழுத்தான வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை. பேச்சுவார்த்தை வருடக்கணக்கில், இரண்டு ஊர்களில் நடந்தது. மூன்ஸ்டரில் பிரான்ஸோடு, ஒஸ்னாப்ரூக்கில் ஸ்வீடனோடு. யார் சொல்வது உண்மையான கிறிஸ்தவம் என்ற கேள்வியை இரண்டு ஊரிலும் யாரும் தீர்க்கவில்லை. தீர்க்க முயலவுமில்லை. அதற்குப் பதிலாக மூன்று காரியம் செய்தார்கள்.

முதலாவது, ஒரு தேதியைக் குறித்தார்கள். 1624 ஜனவரி 1. அன்றைக்கு எந்தத் தேவாலயம், எந்த மடம் யார் கையில் இருந்ததோ, அது அவர்களுக்கே. அதற்கு முன்னால் யார் யாரிடம் பிடுங்கினார்கள் என்ற கணக்கை இனி யாரும் தோண்டக் கூடாது. அந்த வருடத்தில் ஓர் ஊரில் எந்த வழிபாடு இருந்ததோ அது தொடரலாம். ராஜா மதம் மாறினால் குடிகளும் மாற வேண்டும் என்பது போயிற்று. 1697-ல் சாக்ஸனி அரசர் போலந்து கிரீடத்துக்காகக் கத்தோலிக்கரானபோது, சாக்ஸனி மக்கள் பாட்டுக்கு லூதரனாகவே இருந்தார்கள். 1555-ல் யாரும் நினைத்தே பார்த்திருக்க முடியாத விஷயம்.

இரண்டாவது, மத விஷயத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. பேரரசு மன்றத்தில் மதம் சம்பந்தமான பிரச்சினை வந்தால் கத்தோலிக்கர்கள் ஒரு குழு, புராட்டஸ்டன்டுகள் ஒரு குழு என்று பிரிந்து உட்கார வேண்டும். இரண்டு குழுவும் பேசி ஒத்துக்கொண்டால்தான் முடிவு. பெரும்பான்மை என்பதற்காக மற்றவரை அமுக்க முடியாது. ஏழு ஓட்டுக் கணக்கில் தொடங்கிய போருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் உண்டா?

மூன்றாவது, பகிர முடியாது என்று நினைத்ததைப் பகிர்ந்தார்கள். ஆக்ஸ்பர்க் போன்ற சில நகரங்களில் பதவிகள் சரிபாதி. ஒஸ்னாப்ரூக்கில் ஒரு தடவை கத்தோலிக்க ஆயர், அடுத்த தடவை லூதரன் ஆயர் என்று முறை வைத்தார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? அந்த ஏற்பாடு நூற்றைம்பது வருடம் ஓடியது. கால்வினியர்களுக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது.

போப் பத்தாம் இன்னொசென்ட் இந்த உடன்படிக்கை செல்லாது என்று கண்டித்தார். யார் எதிர்த்தாலும் செல்லும் என்று உடன்படிக்கையிலேயே முன்கூட்டி எழுதிவைத்திருந்தார்கள். அந்த வரிக்குக் கையெழுத்திட்டவர்களில் பக்தியுள்ள கத்தோலிக்க அரசர்களின் தூதர்களும் உண்டு.

இதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் சொந்த நிலங்களுக்கு 1624 விதி பொருந்தவில்லை. பொஹீமியப் புராட்டஸ்டன்டுகளுக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. 1731-ல் சால்ஸ்பர்க் பேராயர் சுமார் 20,000 லூதரன்களை நாட்டை விட்டே துரத்தினார். ஆனால் மதத்தின் பெயரால் பேரரசு முழுவதும் பற்றி எரிவது அதற்குப் பிறகு நடக்கவில்லை. மக்களுக்குப் பக்தி குறைந்ததால் இது நடந்தது என்றும் சொல்ல முடியாது. அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியில் பக்தி இயக்கங்கள் பெருகவே செய்தன.

நமக்கு என்ன?

ஆக, முதல் கட்சிக்கு என் பதில்: மதம் தானாகப் போரைத் தொடங்குவதில்லை, 63 வருடம் அது சும்மா இருந்ததே சாட்சி. இரண்டாம் கட்சிக்கு என் பதில்: போர்வைக்கு இவ்வளவு வேலை செய்யத் தெரியாது. தூரத்து அநியாயத்தை வீட்டு அநியாயமாக்கியது, பேரத்தைக் கெடுத்தது, நடந்த கொலைக்கு அடுத்த கொலையை நியாயமாக்கும் அர்த்தத்தைக் கொடுத்தது, மூன்றும் மதம் செய்தவை. இந்த மூன்றுக்கும் வாசலைத் திறந்துவிட்டது, தகராறைத் தீர்க்கும் பொது இடத்தின் மேல் இருந்த நம்பிக்கை போனதுதான்.

அதனால் இன்று எங்கேயாவது மதக்கலவரம் என்று செய்தி வந்தால் நான் 'அவங்க மதத்துல என்ன எழுதியிருக்கு?' என்ற கேள்வியைத் தள்ளிவைக்கிறேன். வேறு கேள்விகளைக் கேட்கப் பழகியிருக்கிறேன். அந்த ஊர் நீதிமன்றத்தை இரண்டு தரப்பும் நம்புகிறதா? சிறுபான்மையை எண்ணிக்கையால் அமுக்க முடிகிற அமைப்பு அங்கே இருக்கிறதா? பழைய கணக்கைத் தோண்டுவதற்கு ஒரு முற்றுப்புள்ளித் தேதி உண்டா?

கடைசிக் கேள்வி நமக்கு நெருக்கமானது. இந்தியாவில் 1991-ல் வந்த வழிபாட்டுத் தலங்கள் சட்டம், 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு வழிபாட்டுத் தலம் எந்த மதத்தினுடையதாக இருந்ததோ அப்படியே நீடிக்கும் என்கிறது. அயோத்திக்கு விலக்கு உண்டு. 1624 ஜனவரி 1 என்ற தேதியின் தர்க்கமும் இதே தர்க்கம்தான். அந்தத் தேதி நியாயமானது என்று 1648-ல் ஒருவரும் சொல்லவில்லை. எந்தத் தேதியைக் குறித்தாலும் யாருக்கோ அநியாயம் நடந்தே தீரும். தேதியே இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் முப்பது வருடம் பார்த்துவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். நம் சட்டத்தை எதிர்த்தும் உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன. அதைப் பற்றி யாராவது வாதாடும்போது, தலவரலாறு யார் பக்கம் என்பதோடு மட்டும் நிற்காமல், தேதியை எடுத்துவிட்டால் அடுத்து எந்த ஊர் என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஆக்ஸ்பர்க்கில் 1629 ஆகஸ்ட் 8 அன்று புராட்டஸ்டன்டு வழிபாட்டைத் தடை செய்தார்கள். போர் முடிந்தபின், 1650-லிருந்து, அதே ஆகஸ்ட் 8-ஐ அந்த ஊரார் சமாதானத் திருநாளாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அது புராட்டஸ்டன்டுகளின் விழா மட்டும்தான். இன்று எல்லாருக்கும் பொது. ஜெர்மனியில் அந்த ஒரு நகரத்துக்கு மட்டும் அன்றைக்கு அரசு விடுமுறை.